மொட்டைத் தலைக்கு எத்தனை விநாடி

என்னிடம் லைட் வைத்துக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கிழமை என்றால் என்னவென்றே தெரியாது. திங்கள், புதன், வெள்ளி என்று அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்திருப்பேன். திங்கட்கிழமை வர வேண்டியவர் வியாழக்கிழமை வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். கேட்டால் கொழுந்தியாள் மகளுக்குச் சடங்கு, பேரனுக்குக் காது குத்து, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை. தேனியில் இந்தத் தோல் கிளினிக்கில் பதினோரு வருடமாக இருக்கிறேன். உருப்படியான காரணம் ஒன்றைக்கூட இதுவரை கேட்டதில்லை.

என் பெயர் கிருபாவதி. நர்ஸ் படிப்புப் படித்தவள். கிளினிக்கில் லைட் ரூம் என் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் நீளநீளமாக டியூப் லைட்டுகள். அதிலிருந்து வருவது புற ஊதா ஒளி. சோரியாசிஸ் வந்து தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்கிறவர்கள் துணியைக் களைந்துவிட்டு, கண்ணுக்கு வார் வைத்த கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்குள் நிற்க வேண்டும். வருகிறவர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் ‘கரண்டு வைக்கிறது’. கரண்டு இல்லை, லைட்டு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதல் நாள் சில விநாடிகள்தான் வைக்க வேண்டும். தோல் பழகப் பழக ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இருபதாவது தடவை வருகிறவர் இரண்டு நிமிடம்கூடத் தாங்குவார். அதே இரண்டு நிமிடத்தை முதல் நாளே வைத்தால் தோல் வெந்துபோகும். இடையில் நாள் தவறினால் தோலுக்குப் பழக்கம் விட்டுப்போகும், மறுபடி குறைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் கத்துவதற்கு இதுதான் காரணம். சுபாவமும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

மார்க்கையன்கோட்டை ஈஸ்வரபாண்டி மாசி மாதம் வந்து சேர்ந்தார். கல்யாணச் சமையல்காரர். ஒரு காலத்தில் சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் முகூர்த்த நாளில் அவரைப் பிடிக்க முடியாதாம். நாலு வருடத்துக்கு முன்னால் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சோரியாசிஸ் வந்தது. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் அவர் கையைப் பார்த்துவிட்டு இலையை மடித்து எழுந்துவிட்டார். அன்றோடு சரி. இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று எங்கள் டாக்டர் சுபாஸ்ரீ எழுதிக் கொடுத்த சீட்டை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். சீட்டைப் படித்துவிட்டு யார் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவார்கள்?

பங்குனி கடைசியில் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தார். சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி பொன்னுராஜ் அவருடைய பழைய வாடிக்கை. மகள் கல்யாணம் வைகாசியில்.

“கை சுத்தமாயிருச்சுன்னா நீதான்யா சமைக்கிற, வைகாசி பொறக்கவும் வந்து கையக் காட்டுன்னு சொல்லிட்டாக சிஸ்டரு” என்றார். “அந்த ஒரு கல்யாணம் செஞ்சிட்டேன்னா மத்தவுக தானா வந்துருவாக.”

அதிலிருந்து அவர் கை எனக்கும் ஒரு கவலையாகிவிட்டது. பத்தொன்பது தடவை முடிந்தபோது செதில் எல்லாம் போய் முழங்கை வரைக்கும் தோல் வழவழப்பாகிவிட்டது. மற்றவர்களைக் கூப்பிட்டு அவர் கையைக் காட்டுவேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த நேரத்தில்தான் அவர் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்திருந்த விஷயத்தைச் சொன்னார். வியாதி குணமானால் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

“உங்களுக்கு என்ன கிறுக்கா?” என்றேன். “இப்பத்தான் தோலு ஆறி வருது. சட்டி சுட்டுச்சுன்னா சுட்ட எடத்துலயே திரும்ப வரும். பட்டபாடு அம்புட்டும் வீணாப் போயிரும். எடுக்கக் கூடாது.”

“அப்பச் சரி சிஸ்டரு” என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் திங்கள் வரவில்லை. புதனும் இல்லை, வெள்ளியும் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் தோளில் துண்டோடு வந்து நின்றார். தலை மழமழவென்று மொட்டை. தீச்சட்டிக்குப் பதிலாக முடியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம்.

“வாங்க. இங்கன ஒருத்தி காத்துக் கெடக்காங்கிற ஞாபகம் இப்பத்தான் வந்துச்சா?”

“திருவிழாவுக்குக் கோயில்ல கம்பம் நட்டாக சிஸ்டரு. விரதம். அதான்…”

“மூணு நாளு. முழுசா மூணு நாளு விட்டிருக்கீக. பத்தொம்பது தடவ இங்கன நின்னு லைட்டு வச்சது நானு, முடியக் கொண்டு போய்க் குடுக்கிறது அங்கனயா? வைகாசிக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? பொன்னுராஜு வந்து உங்க மொட்டையவா பாக்கப் போறாக? கையத்தான பாப்பாக?”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். திட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். நாள் விட்டதற்காகக் கால் பங்கு குறைத்தேன். திட்டிக்கொண்டே கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தேன். உள்ளே பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

நான் போட்ட கணக்கு சரிதான். ஆனால் அது உடம்புக்கான கணக்கு. முடி இருந்தவரைக்கும் அவர் மண்டைத் தோல் ஒரு நாள்கூட அந்த லைட்டைப் பார்த்ததில்லை. உடம்புக்கு அது இருபதாவது தடவை, தலைக்கு முதல் தடவை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிவிட்டிருந்தால் போதும். பத்து நிமிடம் அந்த மொட்டையையே பார்த்துத் திட்டியவளுக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு லைட் ரூமுக்கு வந்தார். ஈஸ்வரபாண்டியின் மனைவி முனீஸ்வரி பேசியிருக்கிறாள். தலை முழுக்கச் சிவந்து, அங்கங்கே கொப்பளம் போட்டிருக்கிறது.

“மொட்டை போட்டிருக்காராமே. நீங்க பார்க்கலையா?” என்றார் டாக்டர்.

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. டாக்டருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. இத்தனை வருடத்தில் என்னை ஒரு வார்த்தை சொன்னவரில்லை. வாய் தானாகத் திறந்தது.

“தலையில துண்டு கட்டியிருந்தாரு டாக்டர். உள்ள போய்த்தான் அவுத்திருக்கணும். நான் பாக்கல.”

டாக்டர் நம்பிவிட்டார். எனக்கு எதிரிலேயே ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டு, மொட்டையை ஏன் மறைத்தீர்கள் என்று சத்தம் போட்டார். களிம்பு பெயர் சொல்லி, நேரில் வந்து காட்டச் சொன்னார். நான் அலமாரியில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த துண்டுகள்தான்.

புதன்கிழமை அவர் வரவில்லை. வியாழக்கிழமை நானே கூப்பிட்டேன். முனீஸ்வரி எடுத்தாள்.

“அவுக இனிமே வரமாட்டாக சிஸ்டரு. கரண்டு வச்சது போதும்.”

“ஏன்? தல எப்படி இருக்கு?”

“அது ஆத்தா போட்டது. தீச்சட்டி எடுக்கிறேன்னு நேந்துட்டு முடிய மட்டும் குடுத்துட்டு வந்தாக. நெருப்பக் குடுக்கலைல? அதான் ஆத்தா நெருப்பத் தலையிலயே வச்சுட்டா. களிம்பெல்லாம் போடல, வேப்பெலதான் அரச்சுப் போடுறேன். வார செவ்வாக்கெழம தீச்சட்டி எடுக்கிறாக.”

“முனீஸ்வரி, சட்டியத் தூக்கினா கையி போயிரும். வைகாசிக்குக் கையக் காட்டணும்ல?”

“நீங்க வேணாம்னு சொன்னதக் கேட்டுத்தான் இம்புட்டும் வந்துச்சு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க யார் வந்தாலும் எரிந்து விழுந்தேன். எவ்வளவு வசதியாகப் போய்விட்டது பாருங்கள். டாக்டரைக் கேட்டால் ஈஸ்வரபாண்டி மேல் தப்பு. அவரைக் கேட்டால் ஆத்தா மேல் பாரம். நான் சும்மா இருந்தால் மட்டும் போதும், என் பெயர் எங்கேயும் வராது. சும்மா இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் பத்தொன்பது தடவை கையில் பிடித்துப் பார்த்த கை அது. செவ்வாய்க்கிழமை அந்தக் கையில் தணல் நிறைந்த சட்டியை ஏந்தப் போகிறார், அதுவும் நான் பண்ணிய தப்புக்கு. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அப்படியே பஸ் ஏறினேன். வீரபாண்டியில் திருவிழாக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. கண்டக்டரிடம் ஒரு சண்டை போட்டேன். அவர் என்ன செய்வார் பாவம். சின்னமனூரில் இறங்கி மார்க்கையன்கோட்டைக்கு வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் உச்சி வெயிலாகிவிட்டது.

வீட்டுக்குள் பெரிய பெரிய அண்டாக்கள் கவிழ்த்து வைத்திருந்தன. ஈஸ்வரபாண்டி மஞ்சள் வேட்டியோடு ஃபேனுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மண்டை கன்றிப்போய், உரியத் தொடங்கியிருந்தது. காய்ந்த வேப்பிலை விழுது காதோரம் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முனீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, இது ஆத்தா போட்டதில்ல. நான் போட்டது. மொட்டத் தலைய மூடாம லைட்டு வச்சுட்டேன். தப்பு என் மேல.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்கிறாதீக” என்றார் அவர். “உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல.”

“வருத்தத்தப் பத்திப் பேசல அண்ணே. இது லைட்டு சுட்ட புண்ணு.”

“நீங்க வேதக்காரவுக” என்றாள் முனீஸ்வரி, மரியாதையாகத்தான். “உங்களுக்கு ஆத்தாவப் பத்தித் தெரியாது. அதனால அப்படித்தான் சொல்லுவீக.”

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு தப்பை ஒத்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறி வந்தால், ஒத்துக்கொண்டதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அண்டா ஒன்றை எட்டி உதைத்திருப்பேன். ஒரே தடவை லைட் வைத்த தோலும் இருபது தடவை வைத்த தோலும் ஒன்றில்லை என்று விளக்கிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ‘அப்பச் சரி’ என்று அன்றைக்கு ஆட்டிய அதே ஆட்டல். ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை.

கடைசியில் அவருக்குப் பின்னால் போய் நின்று, விழுதைத் துடைத்துவிட்டுத் தலையைப் பார்த்தேன். பார்த்ததும் செல்லை எடுத்து ஒரு போட்டோ பிடித்து அவர் கையில் கொடுத்தேன்.

“இந்தா பாருங்க. பிடரிக்கு மேல, காதுலருந்து காது வரைக்கும் ஒரு விரக்கட அகலத்துக்குக் கோடு மாதிரி போகுது. மேலயும் வெந்திருக்கு, கீழயும் வெந்திருக்கு. இந்தக் கோடு மட்டும் வேகல. இது என்னன்னு சொல்லுங்க.”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு கையால் பின்மண்டையைத் தடவிக்கொண்டே வந்து காதுக்கு மேலே நிறுத்தினார்.

“கண்ணாடி வாரு” என்றார் மெதுவாக.

“ஆமா. லைட்டுக்காக நான் குடுத்த கண்ணாடியோட ரப்பர் வாரு. ஆத்தா நெருப்பு வச்சிருந்தா இந்த வாருக்கு மட்டும் ஒதுங்கியா வச்சிருப்பா?”

முனீஸ்வரி செல்லைப் பிடுங்கிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள்.

“அப்ப ஆத்தா கோவிச்சுக்கிறல” என்றாள். “ஆறு நாளா உப்புப் போடாமச் சாப்பிடுறோம் சிஸ்டரு. என்ன குத்தம் செஞ்சோம்னு ரெண்டு பேருக்கும் ஒறக்கமில்ல.”

ஏச்சு வாங்கத் தயாராகப் போனவள் நான். அதைவிட இது மோசமாக இருந்தது. கொப்பளத்துக்கு ஒரு களிம்புகூடப் போடாமல், ஆத்தாவுக்குப் பயந்துகொண்டு ஆறு நாள் இந்த இரண்டு பேரும் உப்பில்லாத சோற்றைத் தின்றிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

ஈஸ்வரபாண்டி செல்லைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“டாக்டரம்மா போன்ல, துண்டக் கட்டி மொட்டைய மறச்சுட்டீகன்னு சத்தம் போட்டாக” என்றார். “நான் எங்கன கட்டினேன்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல. சரி, கட்டிருப்போம் போலன்னு, தப்புத்தாம்மான்னு சொல்லிட்டேன்.”

“நீங்க கட்டல. நான்தான் பொய் சொன்னேன்.”

முனீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“அத டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?”

சொல்லவில்லை. முதலில் இங்கே வந்து சரி பண்ணிவிட்டால் அங்கே சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு ஓரத்தில் நினைத்திருந்தேன். அவள் பார்த்த பார்வையில் அதுவும் தெரிந்துபோயிற்று. அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். மொட்டையைப் பார்த்ததையும், மூட மறந்ததையும், துண்டு கட்டியிருந்ததாகச் சொன்ன பொய்யையும் வரிசையாகச் சொன்னேன்.

“அவர் பக்கத்துல இருக்காரா?” என்றார் டாக்டர். “சார், உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு வாங்க, புண்ணை நான் பார்க்கிறேன். தலையை மூடிட்டு உடம்புக்கு லைட் வைக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை. ஆனா கையில சூடு மட்டும் படக் கூடாது.” பிறகு என்னிடம், “லைட் ரூம் சாவியைக் காலையில உமாதேவிகிட்டக் குடுத்துடுங்க” என்றார்.

உமாதேவி போன வருடம் சேர்ந்த பெண். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத சாது. நான்தான் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தேன். இனி சாவி அவளிடம். ஆனால் டாக்டர் மேல் கோபம் வரவில்லை.

“தீச்சட்டிய என்ன செய்யப் போறீக?” என்று கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். “ஆத்தாவுக்குக் கோவம் இல்லைல. அடுத்த வருசம் எடுத்துக்கிருவோம்” என்றார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கை நன்றாகத்தான் இருந்தது. பொன்னுராஜ் தாராளமாகப் பார்க்கலாம்.

முனீஸ்வரி சாப்பிட்டுப் போகச் சொன்னாள். எனக்கு இறங்காது என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். அவர் கூடவே வந்தார்.

“நாளைக்கு உமாதேவிதான் லைட்டு வைப்பா அண்ணே. பெட்டிக்குள்ள போகுமுன்ன தலைய மூடணும். அவ மறந்தாலும் நீங்க சொல்லிரணும்.”

“சொன்னாக் கேக்குமா அந்தப் பிள்ள?”

“ஏன் கேக்க மாட்டா?”

“இல்ல, உங்ககிட்டயும் அன்னைக்குக் கேட்டேன்” என்றார். “தலைக்குத் துண்டக் கட்டிக்கிறவா சிஸ்டருன்னு. ரெண்டு தடவ கேட்டேன். நீங்க பேசிக்கிட்டே இருந்தீக.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நாளைக்கு எப்படிச் சொன்னால் காதில் விழும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு நான் அவரைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் கேட்டது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“அவ கேப்பா அண்ணே” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.